வலைக்கு முன்னால் இரண்டு முதுகுகள்

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் முதுகு.
நான்காம் எண் யோகராசா.
இருபத்தேழு தர்ஷன் ஜோகி.
கோல்கீப்பருக்கு எதிரியின் முகம்தான் வாய்க்கும்;
தன் ஆட்களிடம் தோள்பட்டை, பிடரி வியர்வை,
பனிக்கட்டியைக் கீறிப் பின்னோக்கி வரும்
நான்கு பிளேடுகள்.

கோத்தகிரியில் மூடிப்போன தேயிலை ஆலை எங்கள் ரிங்க்.
இலை வாட்டிய மாடியில் பார்வையாளர்கள்,
ரோலர்கள் உறுமிய தளத்தில் பனி.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருமி எழும்வரை
நீலக்கோட்டின் மேல் தண்ணீர் கசியும்.
ஆடிக்காற்றில் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும்.
ஆனாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும்.
தொழில்முறை ஆட்டம் என்பதற்கு
இங்கே அது ஒன்றே சாட்சி.

பின்னோக்கிச் சறுக்க யோகராசா கற்கவில்லை,
வரும்போதே வைத்திருந்தான்.
டேன்டீ லைனிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பாதையில்
காட்டுமாடு நின்றால்
திரும்பி ஓடக் கூடாது.
கொம்பைப் பார்க்கக் கூடாது.
நெஞ்சைப் பார்த்தபடி அடியடியாய்ப் பின்வாங்க வேண்டும்,
அது வர வர நீ போக,
இடைவெளி மட்டும் மாறாமல்.
ஃபார்வர்டின் ஸ்டிக் பொய் சொல்லும்,
தலையும் பொய் சொல்லும், நெஞ்செலும்பு சொல்லாது என்று
கோச் மெர்சி வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டியபோது
அவன் கொட்டாவி விட்டான்.

பாஸ்தான் வராது.
வலைக்குப் பின்னால் பக்கை எடுத்து
முதல் பாஸ் கொடுக்க ஒரு நொடிதான்.
அந்த நொடியில்
ரேஷன் கடை வரிசையில் கார்டைத் தொலைத்தவன்போல் நிற்பான்.
ஜனவரியில், வெளியே புல்லெல்லாம் உறைபனி வெளுத்த இரவில்,
வெலிங்டன்காரர்களுக்கு எதிராக,
என் கண்ணெதிரே, நட்டநடுவில்,
எதிரியின் ஸ்டிக்கிலேயே கொண்டுபோய் வைத்தான்.
ஃபார்வர்டு கோட்டைவிட்டால் ‘அடடா’ என்பார்கள்.
இவன் விட்டால் சிவப்பு விளக்கு எரியும்,
சைரன் ஊதும், பலகையில் எண் மாறும்,
மாடியில் யாரோ அவன் அம்மாவை இழுப்பார்.
பத்தொன்பது வயது.
திரும்பி என்னைப் பார்த்தான்.
முதல்முறையாக அவன் முகம்.

தர்ஷனுக்குப் பக் சொன்னதைக் கேட்கும்.
ஆனால் கேரட் தோட்டத்தில் பன்றி புகுந்ததுபோல்
எதையாவது துரத்திக்கொண்டு போய்விடுவான்.
அவன் விட்டுப்போன இடத்தில்
நானும் காற்றும்.

மார்ச்சில் மேனேஜர் மெஸ்ஸுக்கு வந்து
என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தார்.
லடாக்கிலிருந்து முப்பது வயது டிஃபென்ஸ் ஆள் வருகிறார்,
வந்த அன்றே ஆடுவார்.
மிச்சம் ஒரே இடம். யார்? நீதானே பின்னாலிருந்து பார்ப்பவன்.
இருபத்தைந்து ஆகும்வரை
இவர்கள் எல்லோரும் அரைவேக்காடுதான் சார்,
மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் வேகாது என்றேன்.
சில அரிசி கடைசிவரை வேகாது என்பது
எனக்கும் தெரியும். அதைச் சொல்லவில்லை.
அவர் போகாமல் இருந்தார்.
ரசம் ஆறியது.

யோகராசாவைக் கூடலூர் இரண்டாம் அணிக்கு அனுப்புங்கள்,
இங்கே ஆறு நிமிடம் ஆடிப் பயந்து சாவதைவிட
அங்கே இருபது நிமிடம் தப்பு செய்யட்டும் என்றவன்
நான்தான்.
அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.
பஸ்ஸில் அவன் பையை ஏற்றிவிட்டேன்.
ஸ்டிக் நீளமாய் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனது,
கண்டக்டர் திட்டுவது கேட்டது.

தர்ஷன் இன்னும் துரத்துகிறான்.
சரியாகத்தான் தேர்ந்தோமா, தெரியாது.
லடாக்காரரின் முதுகு அகலம்; எதுவுமே தெரிவதில்லை.

நேற்றிரவு பத்தரைக்குக் கூடலூரிலிருந்து போன்.
பின்னணியில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம்.
எத்தனை நிமிஷம் ஆடினே?
இருபத்திரண்டு.
கோல் போட்டியா?
இல்லண்ணே.
அப்புறம் என்னடா?
என் பக்கம் ஒண்ணும் நடக்கலண்ணே, என்றான்.
கொஞ்சம் விட்டு மறுபடியும்,
ஊரைக் கூட்டித் தண்டோரா போடுகிறவனைப்போல்:
ஒண்ணுமே நடக்கலண்ணே.